இஞ்சின் குடித்த தண்ணீர்

அக்டோபர் 9, புதன். திண்டுக்கல்

நாளைக் காலை கிளம்புகிறேன். ஆஸ்பத்திரியில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி லீவு வாங்கியிருக்கிறேன். தம்பியிடம் ஆயுத பூஜைக்கு எனக்கு டியூட்டி என்று சொல்லியிருக்கிறேன். ஐம்பத்தொரு வயதுப் பொம்பளை, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள், காலேஜ் பெண் மாதிரி ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறேன்.

போவது நாகர்கோவிலுக்கு, தாணுலிங்கம் வீட்டுக்கு. அவருக்கு மின்வாரியத்தில் வேலை. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் டாக்டரம்மாவுக்குத் தூரத்து உறவு. டாக்டரம்மா ஏற்பாட்டில் மதுரையில் ஒரே ஒரு தடவை பார்த்து காபி குடித்தோம். அவர் காபி ஆறிப்போகும்வரை பேசவே இல்லை. அதற்குப் பிறகு ஆறு மாதமாகப் போனில் நன்றாகப் பேசுகிறார்.

அவருடைய மகள் ஷைலஜா புனேவிலிருந்து பூஜை லீவுக்கு வந்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் திரும்பிப் போகிறாள். “அவ ஒருக்க உங்களைப் பாத்துப் பேசிட்டான்னா எனக்கு நிம்மதி. அவளுக்கு மனசில்லைன்னா நான் மேக்கொண்டு பேச மாட்டேன், பாத்துக்கிடுங்க” என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பயமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பாடு. பெண் பார்க்கும் படலத்துக்குப் பெண்ணே கார் ஓட்டிக்கொண்டு போவது எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூன்று புடவை எடுத்து வைத்தேன். மூன்றும் சாயம்போன மாதிரி தெரிகிறது. நாலாவதையும் வைத்தேன்.

ரேடியேட்டரில் வழக்கம்போல் ஒரு செம்புத் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன். தரையில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. எங்கேதான் போகிறதோ. போகட்டும்.

அக்டோபர் 10, வியாழன். கோவில்பட்டி

நாகர்கோவில் என்று எழுத வேண்டிய இடத்தில் கோவில்பட்டி என்று எழுதியிருக்கிறேன்.

விருதுநகர் தாண்டும்போதே இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்துவிட்டது. எனக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினால் இஞ்சின் சூடு உள்ளே வந்துவிடும், முள் கொஞ்சம் இறங்கும். அந்தக் கரிசல் வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு கார் ஓட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாத்தூர்வரை முள் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. கோவில்பட்டி ஊர் தெரிகிற இடத்தில் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன்.

நம் ஊரில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வராத இடமே கிடையாது. வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கொதிக்கிற இஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டார். சுர்ரென்று ஒரு சத்தம். “சூடு தணியட்டும்மா” என்றார். அவ்வளவு நல்ல மனசுக்காரரை எப்படித் திட்டுவது? கால் கிலோ பிஞ்சு வாங்கிக்கொண்டேன்.

சரக்கு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடம் கொம்பையா என்பவருடைய ஒர்க் ஷாப். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. இஞ்சின் ஆறும்வரை தொடவே இல்லை. பிறகு ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். ஃபேனுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டார். இஞ்சின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தால் அது காலி. “எவனோ கழட்டித் தூரப் போட்ருக்கான்” என்றார். கழற்றியது திண்டுக்கல் மெக்கானிக். அப்போது சரியென்று தலையாட்டியது நான்.

கடைசியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீர் ரொப்பி, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீரில் உலை கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பியது. கொதிக்கிற சூடே இன்னும் வரவில்லை.

“பாத்தீகளா? ஹெட் கேஸ்கட் போயிட்டு. உள்ள இருக்க காத்து தண்ணியில வருது, தண்ணி உள்ள போகுது. வெளிய ஒழுகாது. இஞ்சினே குடிச்சிரும்.” பிறகு கேட்டார்: “எத்தன நாளா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீக?”

“கொஞ்ச நாளாத்தான்” என்றேன்.

அவர் துருப்பிடித்த அந்தத் தண்ணீரை ஒரு பார்வை பார்த்தார்.

இஞ்சினுக்கு மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழற்றி ஒரு இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்திக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வளைந்துவிட்டதாம், லேத்தில் கொடுத்துச் சமமாக்க வேண்டுமாம். லேத்துக்குப் போன் போட்டார். லேத்துக்காரர் மிஷினைக் கழுவி எண்ணெய் போட்டுத் துணி மூடிவிட்டார். நாளை ஆயுத பூஜை. சனிக்கிழமை பூஜை பிரித்த பிறகுதான் மிஷின் சுற்றும்.

“எங்க சாமானும் இன்னைக்குச் சாயங்காலம் கழுவிச் சாமிகிட்ட வச்சிருவோம்க்கா. நாளைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது” என்றார் அவர் மனைவி முப்பிடாதி. ஒர்க் ஷாப்பை ஒட்டித்தான் வீடு. அவள்தான் என்னை லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

லாட்ஜ் மேனேஜர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், யாரும் இல்லாததால் மறுபடி என்னைப் பார்த்தார். “தனியாவா?” எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “எங்க வீட்டுக்காரர் நாகர்கோவில்ல இருக்கார். அவர்கிட்டதான் போயிட்டு இருக்கேன்” என்றேன். பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. முப்பிடாதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் போனில் சார்ஜ் தீரும் நிலை. இன்னொரு நம்பர் கேட்டாள். தாணுலிங்கத்தின் நம்பரைக் கொடுத்தேன். வேறு யார் நம்பரைக் கொடுப்பது?

அவரிடமும் பேசிவிட்டேன். “நான் டாக்ஸி பிடிச்சு வாறேன், ரெண்டு மணி நேரந்தானே” என்றார். வேண்டாம், மகள் இருக்கிற நேரத்தில் அலைய வேண்டாம் என்றேன். “அப்போ நாளைக்குக் காலையில பஸ்ல வந்திருங்க. காரு அங்கயே நிக்கட்டும்.” சரி, பார்க்கிறேன் என்றேன். அதோடு போன் அணைந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி. காலை

பஸ்ஸில் போகவில்லை. எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, குமட்டும். பெட்டி வேறு கனம். ஹெட்டைக் கழற்றிப் போட்டிருக்கிற வண்டியை முன்பின் தெரியாத ஊரில் விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. தாணுலிங்கத்திடம் போனில் சொன்னேன். “ஓ” என்றார். சாயங்காலம் பேசுகிறேன் என்றார்.

அக்டோபர் 11, மாலை

மத்தியானம் அவர் வீட்டில் அவியல், எரிசேரி, பால் பாயசம். அவருடைய தங்கை வந்து சமைப்பதாகப் போன வாரமே பட்டியல் சொல்லியிருந்தார். இங்கே பாதிக் கடை அடைப்பு. பஸ் ஸ்டாண்ட் எதிரில் திறந்திருந்த ஓட்டலில் தயிர் சாதம் சாப்பிட்டேன். சர்வர் பையன்கள் மேஜைகளுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள், என் மேஜைக்கும் ஒரு பொட்டு விழுந்தது. எதிரே நாகர்கோவில் பஸ் ஒன்று வந்து நின்றது. முன் கண்ணாடியில் பெரிய மாலை. கண்டக்டர் நாகர்கோவில் நாகர்கோவில் என்று என்னைப் பார்த்தே கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். முன்பு நிலக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் இப்படி ஒரு காலி சீட்டைப் பார்த்தால் பாய்ந்து பிடித்திருப்பேன்.

அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல் நாலு மணிக்கே ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டேன். கொம்பையா வெள்ளை வேட்டியில் வேறு ஆளாகத் தெரிந்தார். மண்ணெண்ணெயில் கழுவிய ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை வாழையிலையில் வரிசையாக இருந்தன. ஜாக்கிக்குக்கூடச் சந்தனம். என் கார் பானட்டைத் திறந்துகொண்டு, ஹெட் இல்லாமல், வாய் பிளந்து நின்றது. அதற்கும் ஒரு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தாள் முப்பிடாதி.

“நேத்துத்தான் வந்துச்சு, அதுக்கும் பூசையா?” என்றேன்.

“நம்ம கூரைக்கடியில நிக்கில்லா, நம்ம வண்டிதான்” என்றாள்.

கொம்பையா என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார்: “வண்டி எங்கயும் ஓடிப் போயிராதுக்கா. பஸ்ஸுல போயிட்டு வந்து எடுத்துக்கிடலாமே?” நான் பெட்டி கனம் என்றேன். அவர் பெரிய ஜாக்கியைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, சரிக்கா என்றார்.

சூடம் காட்டி முடிந்ததும் பொரியும் சுண்டலும் கொடுத்தபடி முப்பிடாதி சொன்னாள்: “நேத்து உங்க போனு எடுக்கலைன்னு சாருக்குப் போட்டோம்லா. ‘உங்க வீட்டம்மா பத்திரமா லாட்ஜுல இருக்காங்க சார், பயப்படாதீக’ன்னு இவரு சொன்னாரு.”

“அவர் என்ன சொன்னார்?”

“ரொம்ப நன்றின்னாரு. ‘அவங்க ராத்திரியில சாப்பிடாமப் படுத்திருவாங்க, நீங்க கொஞ்சம் பாத்துக்கிடணும்’னாரு. அதான் நேத்து இவரு இட்லி வாங்கியாந்து குடுத்தாரு.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் மாட்டிக்கொண்டுவிட்டது. காலையில் போனில் பேசியும் இந்த மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அவங்க என் வீட்டம்மா இல்ல’ என்று அவர்களிடமும் மறுக்கவில்லை. நான் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று அவரிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன நினைவே இல்லை. சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு அந்த வெட்கத்தைவிட வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 12, சனி. மத்தியானம்

பூஜை பிரித்தாகிவிட்டது. லேத்துக்காரர் விஜயதசமிக்கு முதல் வேலையாக என் ஹெட்டைத்தான் எடுத்தார். நல்ல நேரம் பார்த்து, மிஷினுக்குக் கற்பூரம் காட்டி, சும்மா பெயருக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து நிஜமாகச் சீவ ஆரம்பித்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கேஸ்கட் விற்கிற கடை சாயங்காலம்தான் திறக்கும். வண்டி இன்று ஓடாது.

தாணுலிங்கத்துக்குப் போன் செய்தேன். வண்டி நாளைக்குத்தான் தயாராகும், ஷைலஜா கிளம்புவதற்குள் வர முடியாது என்றேன். “சரி. நான் ஷைலுகிட்ட சொல்லுதேன்” என்றார். பஸ் என்ற பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. எடுக்காததால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

விதி இருந்தால் நடக்கும். எல்லாம் வண்டியால் வந்தது.

அக்டோபர் 12, இரவு

சாயங்காலம் ஒர்க் ஷாப்பில் கொம்பையாவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். புது கேஸ்கட்டை வைத்து ஹெட்டை இறக்கும்போது வெளிச்சம் போதவில்லை. நட்டுகளை அவர் வெளியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான் ஷைலஜா. திருநெல்வேலி தாண்டிட்டோம். கோவில்பட்டியில ட்ரெயின் ரெண்டு நிமிஷம் நிக்கும். நான் டோர்ல நிக்கறேன். நீங்க வருவீங்களா?”

கோச் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது. ரயிலில் நான் ஏறவும் வேண்டாம்.

நாலு புடவையும் லாட்ஜில் இருந்தது. நான் கசங்கிய காட்டன் புடவையில், முழங்கைவரை கிரீஸோடு ஆட்டோ ஏறினேன். போகிற வழியில் ஆட்டோவை நிறுத்திக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கினேன். வெறுங்கையோடு ஒரு பெண்ணைப் பார்க்கப் போகக்கூடாது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எங்கப்பாவை விட்டுடுங்க என்பாள். மூஞ்சியைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் கூப்பிடுகிறாள். சரிம்மா என்று சொல்ல வேண்டும், குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ரயில் வந்தது. கண்ணாடி போட்ட, உயரமான பெண். அப்பா மாதிரியே நெற்றி.

“நீங்கதானே?”

“நான்தான்.” பாக்கெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் பாதி இப்படியே போய்விட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“கேளும்மா.”

“ஹால்ல அம்மா படம் இருக்கு. அதை மட்டும் எடுக்க வேண்டாம். கிச்சனை மாத்திக்கோங்க, கர்ட்டனை மாத்திக்கோங்க, எதை வேணும்னாலும் பண்ணுங்க. அது மட்டும் அங்கயே இருக்கட்டும்.”

நான் தயாரித்து வைத்திருந்த பதில் இதற்குப் பொருந்தவில்லை. “எடுக்க மாட்டேன்” என்றேன். அது போதாதென்று தோன்றியது. “அவங்க பேரு என்னம்மா?”

அவள் முகம் மாறியது. இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. “சிவகாமி” என்றாள். ஹார்ன் அடித்தது. அவசரமாகக் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி, அப்பா சாப்பிடறப்போ டிவியை ரொம்பச் சத்தமா வெச்சுக்கறார். பாக்கறதே இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் அணைச்சிடுவார். எனக்குப் போன்ல கேக்கும்.”

ரயில் நகர்ந்தது. கையை விட்ட பிறகு அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கறுப்புக் கிரீஸ். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியே போய்விட்டாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த ரயிலுக்கான கூட்டம் வந்து சேரும்வரை அங்கேயே இருந்தேன். என் வீட்டில் ரேடியோ காலையிலிருந்து படுக்கும்வரை பாடிக்கொண்டே இருக்கும். என் அம்மா காலமானதிலிருந்து அப்படித்தான். என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பஸ் எனக்குக் குமட்டாது. பெட்டி கனமில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். தனியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. அதை ஒருத்தர் முன்னால்போய் ஒத்துக்கொள்ளத்தான் பயம்.

அக்டோபர் 13, ஞாயிறு. கோவில்பட்டி

காலையில் கொம்பையா புது தெர்மோஸ்டாட் மாட்டி, பச்சைக் கூலண்ட் ஊற்றி, காற்றெல்லாம் வெளியேறும்வரை இஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டரில் ஒரு குமிழ் இல்லை. கயத்தாறுவரை ஓட்டிப் பார்த்தோம். போகும்போது அவர், திரும்பும்போது நான். ஏசி போட்டேன். முள் பாதியில் நின்றது, நகரவே இல்லை. நான் ரோட்டைவிட அதையே அதிகம் பார்த்தேன்போல. “அக்கா, முன்னாடி லாரி” என்றார்.

“இனிமே தண்ணி குறைஞ்சா ஊத்திக்கிட்டே ஓட்டாதீக. குறையுதுன்னு யார்கிட்டயாவது சொல்லுங்க” என்றார், இறங்கும்போது.

முப்பிடாதி மல்லிகைச் சரம் கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டாள். “சாரை நாங்க கேட்டோம்னு சொல்லுங்க.”

அவளிடம் சொன்ன பொய்யை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. “அவர் என் வீட்டுக்காரர் இல்ல முப்பிடாதி. இன்னும் ஆகல” என்றேன்.

“அது அன்னைக்கே தெரியும்க்கா” என்றாள். “வீட்டுக்காரன்னா, வண்டி நின்னுட்டுன்னு சொன்னதும் முதல்ல ஏசத்தான் செய்வான். ‘என்னத்தப் பண்ணித் தொலைச்சா’ன்னு கேப்பான். இவரு, ‘ரொம்பப் பயந்துட்டாங்களா’ன்னுல்லா கேட்டாரு.”

கொம்பையா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துத் தீரவில்லை.

தாணுலிங்கத்துக்குப் போன் செய்தேன். “கிளம்பிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருவேன்” என்றேன்.

“மெதுவா வாங்க. நான் சாப்பிடாம இருக்கேன்” என்றார்.

அக்டோபர் 14, திங்கள். நாகர்கோவில்

அவர் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். நேற்றுச் சாப்பிட உட்கார்ந்து, வெள்ளரிப்பிஞ்சுக்காரரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ரசம் ஆறிவிட்டது, எழுந்துபோய்ச் சுடவைத்துக்கொண்டு வந்து, “அப்புறம்?” என்றார். சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் மிச்சம் இல்லை.